பெப் ரிப்போர்ட்டில் மாற்றம் என்றால்

“பெப் ரிப்போர்ட்ல ஏதோ மாற்றம் இருக்காம், திரும்ப வரச் சொல்றாங்க.” மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு லயத்துக்கு இந்தத் தகவல் வந்தால் அடுத்து வாயில் வருகிற சொல் கேன்சர். பிறகு அழுகை. பிறகு, போகாமலே இருந்துவிடுவது. முதல் இரண்டையும் மிட்வைஃப் மிஸ் பேசிச் சமாளித்துவிடலாம். ஆபத்து மூன்றாவதில்தான்.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன்னரே அதன் அடையாளத்தைத் தேடும் பெப் பரிசோதனையை 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகச் செய்வார்கள். வலி பெரிதில்லை, கூச்சம்தான் பெரிது. கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கருவியால் விரித்துப் பிடித்து, மெல்லிய மரக்குச்சியை அதில் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றி எடுக்கிறார்கள். குச்சியில் ஒட்டி வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காய்வதற்குள் அல்ககோலில் பதப்படுத்தி, இலக்கமிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

குச்சி சுற்றுகிற அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கர்ப்பப்பை வாயின் உட்பக்கம் உயரமான கலங்கள், வெளிப்பக்கம் தட்டையான கலங்கள். இரண்டும் சந்திக்கிற எல்லை வயதோடும் பிரசவத்தோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே ஒருவகைக் கலம் இன்னொரு வகையாக மாறுகிறது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் வேலை காட்டுவது பெரும்பாலும் அந்த எல்லையில். ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன் 1983இல் இந்த வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுக் கலங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டு வகைகளால் வருபவை.

சாயம் ஏற்றிய தகட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நல்ல கலம் அகலமாக இருக்கும், நடுவில் சின்னக் கரு. வைரஸ் புகுந்த கலத்தில் கரு பெருத்து, கறுத்து, சுருங்கிய ஓரத்தோடு நிற்கும். அதைச் சுற்றி வெறுமையான ஒரு வளையம். மாற்றம் என்று எழுதுவது இதைப் பார்த்துத்தான். சில நேரம் அதுகூட இல்லை: பூஞ்சைத் தொற்று, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, தகட்டில் கலங்கள் போதாமை. இதற்கெல்லாமும் திரும்ப வரச் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்று இருந்தால், கலம் சற்று வித்தியாசமாகத் தெரிகிறது, காரணம் தெளிவில்லை. எல்.எஸ்.ஐ.எல். என்றால் இலேசான மாற்றம். பெரும்பாலும் இது வைரஸ் வந்து தங்கியதன் அடையாளம். பத்தில் ஒன்பது பேரின் உடல் இரண்டு வருடத்துக்குள் அந்த வைரஸைத் தானாகவே அடக்கிவிடுகிறது. எச்.எஸ்.ஐ.எல். என்றால் கடுமையான மாற்றம், தள்ளிப்போடக் கூடாது. இதுவும் அநேகமாகப் புற்றுநோய் ஆகியிருக்காது, ஆனால் சும்மா விட்டால் ஆகக்கூடும்.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பது ஒரு கொடுமையான வழியில்தான் உலகுக்குத் தெரியவந்தது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகர மகளிர் வைத்தியசாலையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற வைத்தியர் 1966 முதல், கடுமையான மாற்றம் கண்ட பெண்களுக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களிடம் சொல்லவும் இல்லை. விவகாரம் வெளியே வந்து, 1988இல் விசாரணை அறிக்கையும் வந்தது. பின்னாளில் கணக்கெடுத்தபோது, அப்படி விடப்பட்டவர்களில் 100க்கு 31 பேருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவு.

எத்தனை நிதானமாக நடக்கிற நோய் இது என்று இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறார்கள். பதுளை பெரியாஸ்பத்திரி போன்ற இடத்தில் பெண்நோயியல் நிபுணர் கொல்பொஸ்கோப் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தை நீர்க்கச் செய்து தடவினால், மாறிய இடம் ஒரு நிமிடத்தில் வெளுக்கும். தேவையானால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பார். சிகிச்சை என்றாலும் பெரும்பாலும் மின்கம்பி வளையத்தால் அந்த மெல்லிய பகுதியை வெட்டி எடுப்பதுதான். கர்ப்பப்பை இருக்கும், பிள்ளையும் பெறலாம்.

சண்டைக்குக் காரணமாகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வைரஸ் உடலுறவில் பரவுவது, உலகில் பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொடுவது, பல வருடம் சத்தமில்லாமல் இருப்பது. எனவே ரிப்போர்ட்டை வைத்துப் புருஷனையோ மனைவியையோ சந்தேகிக்க ஒரு நியாயமும் இல்லை.

திரும்பப் போகத்தான் வேண்டும். ஆனால் மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு வந்துபோனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு. துணைக்கு வருகிறவளின் பேரும் போச்சு. அலட்சியம் என்று தோட்டத்துப் பெண்ணைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்றில் தாதிமாரே அசற்றிக் அமிலம் தடவிப் பார்த்து, முடிந்தவர்களுக்கு அன்றே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள்; இந்நோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் வெளியானது. இரண்டாவது பயணத்தைக் குறைப்பதுதான் ஊவா தோட்டங்களுக்கும் வேண்டும். அதுவரை, கிளினிக் நாளைப் பிரட்டுக்களத்தில் அறிவித்து, போகிறவளுக்குப் பேர் போடுவது தோட்ட நிர்வாகங்களால் முடியாத காரியமல்ல.

உறவுக்குப் பின்னோ, மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் பட்டால் 35 வரும்வரை, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே வைத்தியரிடம் போக வேண்டும்.

2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. அந்த முதல் தொகுதிப் பிள்ளைகளுக்கு 35 வயதாக ஏறத்தாழ 2041 ஆகிவிடும். புற்றை உண்டாக்கும் எல்லா வகைகளையும் ஊசி மறிப்பதில்லை என்பதால் அவர்களும் பெப் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஊசி கிடைக்காத அவர்களின் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் பெப் ஒன்றுதான்.