பழைய பெட்டி, புது மூச்சு – 7: காற்றுக்கு வழி விடுங்கள்

பிராசசரைக் கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ‘ஓவர்கிளாக்கிங்’ பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். 2011இல் வந்த இன்டெல் ஐ7-2600கே, 3.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர். அதை 4.5 வரை ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம். அப்படி ஏற்றிய பெட்டி இன்னும் உங்கள் வீட்டில் ஓடுகிறதா? இந்த வாரம் அதன் சூட்டைக் கவனிப்போம்.

வேகத்தை 25 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் சூடு எவ்வளவு கூடும்? வோல்டேஜை இருமுறை பெருக்க வேண்டும்: 1.25 × 1.1 × 1.1. ஒன்றரை மடங்கு! பெட்டியோடு வந்த ஃபேன் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

உடனே கடைக்கு ஓடாதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் ஈரக்காற்று தூசியைப் பசையாக்கி ஹீட்சிங்க் இடுக்குகளில் அப்பிவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர்களையும் அரிக்கும். முதலில் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகும் சூடு குறையாவிட்டால் ஃபேனை மாற்றலாம். 80 மில்லிமீட்டர் ஃபேனை அசுர வேகத்தில் சுழற்றுவதைவிட, 120 மில்லிமீட்டர் ஃபேனை நிதானமாகச் சுழற்றுவதே லாபம். ஒரே ஃபேனின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்குதான் வரும். அது இழுக்கும் மின்சாரமோ எட்டு மடங்கு. இரைச்சல் தனி. முப்பந்தல் காற்றாலைகளுக்கும் இதே எட்டு மடங்குக் கணக்குதான்: காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அங்கே வரவாவது இங்கே செலவு.

ஆனால் நிதானமாகச் சுழலும் பெரிய ஃபேனுக்கு அழுத்தம் குறைவு; தடை இருந்தால் திணறும். ஆரல்வாய்மொழியில் காற்று அப்படி வீசக் காரணம், மலைகளுக்கு நடுவே கணவாய் திறந்திருப்பது. பெட்டிக்குள்ளும் அப்படியொரு வழி வேண்டும். குறுக்கே கிடக்கும் கேபிள்களை ஓரமாகக் கட்டுங்கள். முன்பக்கம் வடிகட்டியோடு உள்ளிழுக்கும் ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ளும் ஃபேன். ஃபேனில் குறுக்குச்சட்டம் உள்ள பக்கம்தான் பெரும்பாலும் காற்று வெளியேறும். 300 வாட் சூட்டை, பெட்டிக்குள் காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற நிமிடத்துக்கு ஒன்றரை கன மீட்டர் காற்று ஓடினால் போதும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். மதர்போர்டின் ஃபேன் கனெக்டர் பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். ஒன்றில் பலதைத் தொங்கவிடாதீர்கள். நான்கு பின் ஃபேன் என்றால், சூட்டுக்கேற்ப வேகத்தைப் போர்டே நுட்பமாகக் கூட்டிக் குறைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எந்த ஃபேனும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. சித்திரையில் அறையே 33 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். எல்லாம் மாட்டியபின் முழுச்சுமையில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிராசசரின் சூடு 80 டிகிரியைத் தாண்டினால், அடுத்த ஃபேனுக்குப் பணம் எடுக்குமுன் வோல்டேஜை ஒரு படி இறக்குங்கள். காசில்லாமல் கிடைக்கும் குளிர்ச்சி அதுதான்.

(அடுத்த வாரம்: பவர் சப்ளை)