தானியங்கு நிரல் திருத்தங்களின் சரித்தன்மையை மதிப்பிடுதல்

திறவுச்சொற்கள்: நிரல் வழு, தானியங்கு திருத்தம், சோதனைத் தொகுதி, மிகைப்பொருத்தம்

முன்னுரை

மென்பொருளில் உள்ள வழுவுக்குக் கணினியே திருத்தம் எழுதும் முறை தானியங்கு நிரல் திருத்தம் எனப்படும். அவ்வாறு எழுதப்பட்ட திருத்தம் சரியானதுதானா என்று அறிவதே இத்துறையின் கடினமான வினா. முன்பே எழுதி வைக்கப்பட்ட சோதனைகள் அனைத்திலும் தேறும் திருத்தத்தையே பெரும்பாலான கருவிகள் ஏற்கின்றன. இவ்வளவுகோல் போதுமானதன்று.

மழையளவு நிரல்: ஒரு சான்று

தருமபுரி மாவட்டத்தில் வட்டந்தோறும் பதிவாகும் மழையளவைக் கூட்டி, அறிக்கை அனுப்பிய நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காணும் நிரல் ஒன்றைக் கருதலாம். அரூர் வட்டத்திலிருந்து ஒரு நாள் எந்த அறிக்கையும் வரவில்லையெனில் வகுக்கும் எண் சுழியமாகி, நிரல் இடையிலேயே நின்றுவிடும். கருவி முன்வைக்கக்கூடிய மிக எளிய திருத்தம், எண்ணிக்கை சுழியமெனில் விடையாகவும் சுழியத்தைத் தருவதாகும். நிரல் நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இது தேறிவிடும். ஆனால் ‘மழை இல்லை’ என்பதும் ‘தகவல் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. மானாவாரியாகக் கேழ்வரகும் சாமையும் பயிராகும் பகுதியில் இப்பொய்ச் சுழியம் மாதச் சராசரியைக் குறைத்துக் காட்டும். வறட்சி பற்றிய முடிவும் அதனால் பிறழும். அந்நாளைப் ‘பதிவில்லை’ எனக் குறித்துக் கணக்கிலிருந்து விலக்குவதே சரியான திருத்தம். இவ்வேறுபாடு நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. எனவே கருவி அதனை அறிய வழியில்லை. கொடுத்த சோதனைக்கு மட்டும் பொருந்தும் இத்தகைய திருத்தத்தை மிகைப்பொருத்தம் என்பர்.

ஆய்வுகள் காட்டுவன

மரபியல் நிரலாக்கத்தை அடிப்படையாகக் கொண்ட ஜென்ப்ராக் கருவி 105 வழுக்களில் 55ஐத் திருத்தியதாக 2012இல் அறிவிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சி, லாங், ஆச்சூர், ரினார்ட் ஆகியோர் 2015இல் அத்திருத்தங்களை மீளாய்ந்தபோது, 2 வழுக்களுக்கே சரியான திருத்தம் கிடைத்திருந்தது. எஞ்சியவற்றுள் பல, நிரலின் செயற்பாட்டை நீக்கியதற்குச் சமமானவை. கூரையைப் பிரித்துவிட்டு ஒழுகல் நின்றது என்பது போன்றதே இது. சில சோதனைகள் நிரல் தந்த விடையையே பார்க்கவில்லை. அது இயல்பாக முடிந்ததா என்பதை மட்டும் பார்த்தன.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் உருவாகி 2017இல் வெளியான டீப்ஃபிக்ஸ், மாணவர் எழுதிய 6971 பிழையுள்ள சி மொழி நிரல்களுள் 1881ஐ முழுமையாகத் திருத்தியது. இங்கு ‘முழுமை’ என்பது தொகுப்பி பிழை ஏதும் காட்டவில்லை என்பதையே குறிக்கும். கேட்கப்பட்ட கணக்கை அந்நிரல் சரியாகச் செய்கிறதா என்பது வேறு வினா. இவ்வரையறையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

மதிப்பீட்டு முறைகள்

மனிதர் எழுதிய திருத்தத்தோடு ஒப்பிடுதல், கருவிக்குக் காட்டாத புதிய சோதனைகளை இயக்குதல், வல்லுநர் படித்துத் தீர்மானித்தல் ஆகியன வழக்கிலுள்ளன. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 189 திருத்தங்களைத் தொழில்முறை நிரலாளர் 35 பேர் தனித்தனியே மதிப்பிட்டனர். தானாக உருவாக்கப்பட்ட சோதனைகள், தவறான திருத்தங்களுள் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மழையளவு நிரலிலும் நிலை இதுவே. அறிக்கை வராத நாளின் விடை ‘பதிவில்லை’ என்றே அமைய வேண்டும் என்ற சோதனையை, மழைப்பதிவேட்டைப் பராமரிப்பவரிடம் கேட்டே எழுத இயலும்.