வியர்வையின் மடை

நீலகிரி மலையின் நடுவட்டத்தை முன்னிட்டு வியர்வையைப் பற்றிப் பேசப் புகுந்தால் நேயர்கள் நகைக்கக் கூடும். உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் பாதையில், தேயிலைச் சரிவுகளின் மீது பனிமூட்டம் தவழும் அக்குளிர் பிரதேசத்தில் வியர்வைக்கு என்ன வேலை? ஆயினும், வியர்வையைக் குறித்து நாம் கற்க வேண்டிய முதற்பாடம் அவ்வூரின் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கின்றது.

தென் அமெரிக்காவின் சிங்கோனாச் செடிகள் 1860-ம் ஆண்டில் நீலகிரிக்கு வந்தன. உதகை அரசாங்கத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த மக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். அம்மரப்பட்டையிலிருந்து கொயினா எடுக்கும் தொழிற்சாலையும் பின்னர் நடுவட்டத்தில் நடைபெற்றது. தோட்டங்களில் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர். கடல் கடந்து கொணரப்பட்ட சீனக் கைதிகளும் அவர்களுள் இருந்தனர். அந்நிய ஆட்சியார் புகழ் பெற்ற அம்முயற்சிக்கு வியர்வை சிந்தியவர்களின் பெயர்களை இன்று யார் அறிவார்?

கொயினா எந்த ஜுரத்துக்கு மருந்தோ, அந்த மலேரியாவுக்கு மூன்று நிலைகள் உண்டு. முதலில் பல் கிட்டும் நடுக்கம், அடுத்து அனல், இறுதியில் படுக்கை நனையும் வியர்வை. வியர்த்தவுடன் ஜுரம் விட்டதென்று வீட்டார் மகிழ்வர். மூன்றாம் நாள் அது திரும்பி வரும். நோய்க்கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களிலேயே குடியிருக்கின்றதல்லவா? கொயினா அக்கிருமியைத் தாக்கிற்று. வியர்வை தானே அடங்கிற்று. ஆகவே, வியர்வையைக் கண்டால் அதற்குக் கட்டளையிட்டது எது என்று முதலில் கேட்க வேண்டும்.

நமது தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. நரம்பின் கட்டளை வந்ததும் சுரப்பியின் உயிரணுக்கள் உப்பை உட்குழலுக்குள் செலுத்துகின்றன. உப்புச் சென்ற வழியே நீரும் செல்கின்றது. ஆனால், உயிரணுவின் சவ்வோ கொழுப்பாலானது. நீரை எளிதில் விடாது. அங்கே ஏரிக்கரையின் மடைகளைப் போல் அமைந்தவையே 'அக்வாபோரின்' என்னும் புரதங்கள். வியர்வைச் சுரப்பியில் உள்ளது அவற்றுள் ஐந்தாவது வகை.

இம்மடைகளைக் கண்டறிந்தவர் அமெரிக்க வைத்தியரான பீட்டர் ஆக்ரே. சிவப்பணுக்களை ஆராய்கையில் இனம் தெரியாத ஒரு புரதம் அவர் கண்ணில் பட்டது. அதைத் தவளை முட்டைகளில் உண்டாகச் செய்து நீரிலிட்டபோது அவை உப்பி வெடித்தன. 1992-ல் வெளியான இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 2003-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இத்தகைய மடை ஒன்றின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்கின்றன. மலேரியாக் கிருமிக்கும் இவ்வித மடை உண்டென்று பின்னர் புலனாயிற்று.

இனி, கையும் காலும் ஓயாது வியர்ப்பவர்களின் நிலையைக் கவனிப்போம். பரீட்சைத் தாள் நனைகின்றது, பேனா வழுக்குகின்றது, பிறர் கையைப் பற்றவும் கூச்சம். நடுவட்டத்துக் குளிரிலும் இவர்களது உள்ளங்கை ஈரமாகும். ஏனெனில் உள்ளங்கைக்குக் கட்டளை வெயிலைக் காட்டிலும் மனக் கிளர்ச்சியிலிருந்தே மிகுதியும் வருகின்றது. இத்தகையோரின் சுரப்பிகளில் ஐந்தாம் வகை மடைப் புரதம் மிகுந்திருப்பதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால், அம்மடையற்ற எலிகளைச் சோதித்ததில் ஓர் ஆராய்ச்சியில் வியர்வை குறைந்தது, மற்றொன்றில் குறையவில்லை. மடையை மட்டும் குற்றம் சாட்டுவதற்கில்லை. கட்டளையிடும் நரம்பும் காரணமாகின்றது. மடையை அடைக்கும் மருந்து இன்னும் வைத்தியசாலைக்கு வரவில்லை.

எனினும், பரிகாரமில்லையென்று சோர வேண்டாம். அலுமினியம் குளோரைடு பூச்சும், நீரில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சையும், போட்டுலினம் ஊசியும் பலருக்குப் பயன்படுகின்றன. நரம்பைத் துண்டிக்கும் சத்திர சிகிச்சையும் உண்டு. ஆனால் அதன்பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகக் கூடுமாதலால், நன்கு ஆலோசித்தே அதற்கு இசைய வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. இளமையில் தொடங்கி, உறக்கத்தில் ஓய்ந்து, இரு கைகளிலும் ஒருங்கே தோன்றும் வியர்வை பெரும்பாலும் அபாயமற்றது. குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். அக்குழந்தையைப் பயங்கொள்ளி என்று ஏசுதல் தகாது. ஏச ஏச வியர்வை மிகும். நடுவயதில் புதிதாகத் தோன்றுவதும், இரவில் படுக்கையை நனைப்பதும், ஜுரமோ உடல் மெலிவோ சேர்ந்து வருவதும் வேறு வகை. காசநோய், தைராய்டுக் கோளாறு, மலேரியா முதலியவை உள்ளே இருக்கலாம். அப்போது துவாலையால் துடைத்துவிட்டுச் சும்மா இராமல் அன்றே வைத்தியரிடம் செல்வது கடமை.