கனத்த நீர்விமான மாதிரியும் அதன் பறக்குந் தகுதியும்

வானொலி அலைகளால் இயக்கப்பெறும் சிறு விமான மாதிரிகளை இயற்றி இன்புறுவோர் பல நாடுகளிலும் உளர். நீரினின்று எழுந்து நீரிலேயே இறங்கும் மாதிரியை இயற்றுதல் அவற்றுள் அரியதொரு முயற்சியாம். பல திங்கள் உழைத்து முடித்தபின் துலையிலிட்டு நோக்குங்கால், கருதியதினும் நிறை மிகுந்து நிற்றல் உண்டு. அந்நிலையில், 'இதனைப் பறக்க விடுதல் தகுமோ?' என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை காணும் நெறியை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிறையை மாத்திரம் நோக்கி முடிவு கூறுதல் பொருந்தாது. அதனைத் தாங்கும் இறக்கையின் பரப்பையும் உடன் நோக்குதல் வேண்டும். 2 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய இறக்கை ஒன்றைக் கொள்வோம். மாதிரியின் நிறை 3 கிலோகிராம் ஆயின், மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதனைத் தாங்கும். 6 கிலோகிராம் ஆயின், ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வேகம் இருமடங்காகவில்லையே என்று மகிழ்தற்கு இடமில்லை. நிறையும் வேகமும் ஒருங்கே மிகுதலின், மோதும் ஆற்றல் நான்கு மடங்காகின்றது. அக்கனத்த மாதிரி அவ்வேகத்தில் ஒருவர்மேல் மோதுதல், அதே நிறையுள்ள கல் 7 மீட்டர் உயரத்தினின்று வீழ்தற்கு ஒப்பாகும். கரையில் நிற்போரை நினைப்பவர் இக்கணக்கை மறவார்.

நீர்விமானத்திற்கே உரிய வேறோர் இடரும் உண்டு. அது முதலில் நீரை உழுதுகொண்டு செல்லும்; வேகம் மிகவே மேலெழும்பி நீர்ப்பரப்பின்மேல் வழுக்கியோடும். இவ்விரு நிலைகட்கும் இடையே நீரின் தடை உச்சமடைகின்றது. நீரின் பற்றை அறுத்தற்பொருட்டே அடிப்புறத்தில் படி போன்ற வெட்டொன்றைக் குறுக்கே அமைக்கின்றனர். கனத்த மாதிரியோ ஆழ அழுந்தி மிதக்கும், தடை மிகும், தெறிக்கும் நீர் சுழல்விசிறியின் வலியைக் குறைக்கும். ஆதலின், கிலோகிராம் ஒன்றுக்கு 200 முதல் 300 வாட் வரை ஆற்றல் வேண்டுமென்பது மின்பொறி பூட்டிப் பழகினோர் பலர் கொள்ளும் அளவாம்.

பெருவிமானங்களின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். இத்தாலியரான கப்ரோனி என்பார் ஒன்பது இறக்கைகளுடன் இயற்றிய நீர்விமானம், 1921ஆம் ஆண்டு மஜோரே ஏரியில் சிறிதே எழுந்து வீழ்ந்து சிதைந்தது. ஹோவர்டு ஹியூஸ் இயற்றிய மாபெரும் மரவிமானம் 1947 நவம்பர் 2ஆம் நாள் கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் ஏறத்தாழ ஒரு மைல் தாழப் பறந்தது. பின்னர் ஒருபோதும் பறந்திலது. பறத்தல் கூடும் என்பது வேறு. பறத்தல் தகும் என்பது வேறு.

அங்ஙனமாயின் செய்யற்பாலது யாது? மெல்லிய மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். ஆகவே, வேண்டாத பூச்சையும் அணியையும் முதலில் களைதல் வேண்டும். முன்புறம் இலேசாயின் ஈயம் சேர்ப்பதினும் மின்கலத்தை முன்னே நகர்த்துதல் நன்று. பின்னர், ஆளில்லா நீர்நிலையில், வானெழச் செய்யாது நீர்மேல் மாத்திரம் ஓட்டி நோக்குக. முழுவலியையும் செலுத்தாமலே விரைவில் மேலெழும்பி நேரே வழுக்கியோடுமாயின், அதனை நம்பலாம். முழுவலியைச் செலுத்தியும் நீரை உழுதுகொண்டே செல்லுமாயின், அதனைப் பறக்க விடாமையே அறிவுடைமை.

'இத்துணை நாள் உழைத்தோமே' என்னும் எண்ணம் இவ்வாராய்ச்சியில் நடுவராய் அமர்தலாகாது. உழைப்பு காற்றின் விதியை மாற்றுவதன்று. கரையிலே நிறுத்தப்பெற்ற மாதிரியும் வீணன்று. அடுத்ததை எங்ஙனம் இலேசாக இயற்றுவது என்பதை அது நமக்குக் கற்பிக்கும்.