சத்கமய வீட்டு வக்கீல்

நெடுவாழ்வு – 12

சென்ற வாரம் 1975 ஜூன் 24-இல் நிறுத்தியிருந்தோம். விடுமுறைக் கால நீதிபதியாகத் தனியே அமர்ந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை உத்தரவு தந்தார். அவர் பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்துக்கு வரலாம், ஆனால் அங்கே எம்.பி.யாக வாக்களிக்க முடியாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்துவிட்டது. அந்த ஒரு நாளை வைத்துத்தான் இன்றும் பலர் கிருஷ்ணய்யரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தது 7 வருடம். 1980 நவம்பரில் ஓய்வு பெற்ற பிறகு வாழ்ந்தது 34 வருடம். பதவியும் சிவப்பு விளக்குக் காரும் இல்லாத அந்த 34 வருடங்களில்தான் அவர் யார் என்பது முழுதாகத் தெரிகிறது.

ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு டெல்லியில் வருமானத்துக்குக் குறைவே கிடையாது. கம்பெனி வழக்குகளில் மத்தியஸ்தம் செய்யலாம், சட்டக் கருத்து எழுதிக் கொடுக்கலாம். கிருஷ்ணய்யர் எர்ணாகுளம் எம்.ஜி.சாலையில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வீட்டின் பெயர் ‘சத்கமய’. அந்த வீட்டுக்கு மந்திரிகளும் போனார்கள், மனு எழுதத் தெரியாதவர்களும் போனார்கள். பென்ஷன் வராத ஆசிரியர், மகன் சிறையில் இருக்கும் தாய், மருத்துவமனையை எதிர்த்து நிற்கும் நோயாளி என்று யார் வந்தாலும் உட்காரவைத்துக் கேட்டார். உரிய அதிகாரிக்குக் கடிதம் எழுதினார், பத்திரிகைக்கு எழுதினார், தேவைப்பட்டால் முதலமைச்சருக்கே எழுதினார்.

இந்தப் பழக்கம் டெல்லியில் வந்ததல்ல. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், கொயிலாண்டியில் வக்கீலாக இருந்த அப்பா ராமய்யர், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் சட்டக் கல்லூரி என்று முந்தைய வாரங்களில் பார்த்தோம். 1938-இல் அவர் கோட்டு மாட்டியது தலச்சேரியில். அந்த ஊர் இருக்கும் மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். குத்தகை விவசாயிகளும் தொழிலாளர்களும் அவருடைய கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-இல் அவரையே பிடித்து ஒரு மாதம் போல உள்ளே வைத்தார்கள். ஜாமீன் கிடைக்காதவனின் வீட்டில் அன்று அடுப்பு எரியுமா எரியாதா என்பது மொஃபசல் வக்கீலுக்குத் தெரியும். அந்த அறிவை அவர் உச்ச நீதிமன்றம் வரை தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்றொரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்த பிறகும் கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அவருடைய சகோதரர் முன்வந்தார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். 1978-இல் கிருஷ்ணய்யர் அந்தத் தொகையை 1,000 ரூபாய் சொந்தப் பிணைக்குக் குறைத்தார். ஒரே நாட்டுக் குடிமகனை மாவட்டம் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். திகார் சிறையில் சக கைதி ஒருவர் வார்டரால் வதைக்கப்பட்டதை சுனில் பத்ரா என்ற கைதி எழுதியனுப்ப, அந்தக் கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டது. வக்காலத்து, முத்திரைத்தாள் எதுவும் இல்லை. சாக்கடை கட்டப் பணமில்லை என்று கைவிரித்த ரத்லாம் நகராட்சியிடம், பணமில்லை என்பது பதிலாகாது, கட்டித் தா என்று 1980-இல் சொன்னதும் அவர்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏழைக்காக எழுதிய அந்தத் தீர்ப்புகளின் ஆங்கிலம் கடினமானது. தேர்ந்த வக்கீல்களே அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். மோத்தி ராமுக்கு யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் முதல் பாரா கூடப் புரிந்திருக்காது. அந்த எழுத்தின் அழகை ரசிப்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் இல்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். அவர் மனைவி சாரதா 1974-இல் காலமானார். உச்ச நீதிமன்றத்துக்குப் போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு 40 வருடம் மனைவியில்லாமல் வாழ்ந்தார். துக்கத்தை அவர் ஒளிக்கவே இல்லை. சாரதா போய்விடவில்லை, தன்னோடு இருக்கிறாள் என்று நம்பினார், வெளிப்படையாகச் சொன்னார். மரணத்துக்குப் பின் என்ன என்பதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். உலகில் தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்த முதல் கம்யூனிஸ்ட் அரசுகளில் ஒன்றான 1957 கேரள அரசில் சட்ட அமைச்சராக இருந்தவர் ஆவியை நம்பலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 40 வருடம் ஒருத்தியோடு மனதுக்குள் பேசிக்கொண்டே இருந்த ஒரு கணவரிடம் அந்தக் கேள்வியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய தம்பியைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வி.ஆர்.லட்சுமிநாராயணன், நம் மாநிலக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். 1977 அக்டோபரில் சி.பி.ஐ. இந்திரா காந்தியைக் கைது செய்தபோது அந்த அமைப்பின் இணை இயக்குநர் இவர்தான். அண்ணன் நிபந்தனைத் தடை தந்த அதே தலைவரை, இரண்டு வருடம் கழித்து, தம்பி இருந்த துறை கைது செய்தது. விலங்கு மாட்டுங்கள் என்று இந்திரா கேட்டது அன்று பெரிய செய்தி. 1980-இல், கண்ட கைதிக்கெல்லாம் விலங்கு மாட்டி நீதிமன்றத்துக்கு இழுத்து வருவது மனிதத்தன்மையற்றது என்று தீர்ப்பெழுதினார் அண்ணன். கைது செய்யும் தொழிலும், கைதானவனுக்காக வாதாடிய அனுபவமும் ஒரே வீட்டில் இருந்தன.

1987-இல் எதிர்க்கட்சிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தின. எதிரே ஆர்.வெங்கட்ராமன். அவரும் தமிழ் பேசுபவர், தொழிற்சங்க வழக்குகள் நடத்திய வக்கீல். கிருஷ்ணய்யர் தோற்பார் என்பது முன்பே தெரியும், தோற்றார். அந்தத் தேர்தலைவிட, அதே காலத்தில் பெண் கைதிகளைப் பற்றி அவர் தலைமையில் ஒரு தேசியக் குழு தந்த அறிக்கைதான் எனக்கு முக்கியம். சிறையில் இருக்கும் பெண்ணோடு அவள் குழந்தையும் சேர்ந்து சிறையில் இருக்கிறது என்பதை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றிய குழுக்களில் அது ஒன்று.

80 வயதைத் தாண்டிய பிறகு, 2002 குஜராத் கலவரத்தை விசாரித்த குடிமக்கள் தீர்ப்பாயத்துக்குத் தலைமை ஏற்றார். அதே மனிதர் 2013-இல் நரேந்திர மோடி பிரதமராவதை ஆதரித்து எழுதியபோது அவரை நேசித்த பலர் திகைத்துப் போனார்கள். 2011-இல் கேரளத்துக்காக அவர் தலைமையிலான ஆணையம் தயாரித்த மசோதா, இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றால் தண்டனை என்றது. சிறைக்கதவைத் திறக்க வாழ்நாள் முழுதும் பாடுபட்டவர், பிள்ளை பெற்றதற்குச் சிறை என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டது தவறு என்றே நினைக்கிறேன். ஏறத்தாழ நூறு வயது வரை வாய்மூடாமல் வாழ்ந்தவர் எல்லா நாளும் சரியாகவே பேசியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

தூக்குத் தண்டனை விஷயத்தில் மட்டும் அவர் கடைசி வரை இம்மி அசையவில்லை. 1974-இல் எடிகா அனம்மா என்ற ஆந்திரப் பெண்ணின் தூக்கை ஆயுளாகக் குறைத்ததில் தொடங்கியது அது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவருக்கும் கருணை கேட்டுக் குரல் கொடுத்தார். 2014 பிப்ரவரியில் மூவரின் தூக்கும் ஆயுளானதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த ஆண்டு பிறந்தநாள் கொண்டாடிய சில வாரங்களில், டிசம்பர் 4 அன்று, கொச்சியில் காலமானார்.

அவர் விட்டுப்போனதில் வாசகருக்கு இன்றே பயன்படக்கூடியது ஒன்று உண்டு. ஏழைக்கு இலவச வக்கீல் தருவது எப்படி என்று 1973-இல் அவர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. நீதிபதி பி.என்.பகவதியும் அந்த வேலையை முன்னெடுத்தார். 1976-இல் இலவச சட்ட உதவி அரசியல் சாசனத்தில் ஏறியது, 1987-இல் தனிச் சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் வக்கீல் கிடைப்பார். பல நீதிமன்ற வளாகங்களில் வட்ட சட்டப் பணிகள் குழு என்ற பலகையைப் பார்க்கலாம். அங்கே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராதென்றால் வாயால் சொல்லுங்கள், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

(தொடரும்)