மாணவர் எழுத்தும் இணைய வெளியீடும்

தாம் எழுதியதைப் பிறர் வாசிக்கக் காணும் இன்பம் இளம் பருவத்தில் ஆழமாய்ப் பதிவது. அதன் பொருட்டே நம் பாடசாலைகளிற் கையெழுத்துப் பத்திரிகைகள் தோன்றின. அழகிய கையெழுத்துடையான் ஒருவன் ஒரே பிரதி எழுத, வகுப்பு முழுவதும் அதனைக் கைமாற்றி வாசிக்கும். வாசிப்போர் யாவர் என்பது எழுதியவனுக்குத் தெரியும். இன்றோ தரம் ஒன்பதிற் கற்கும் பிள்ளை ஒரு கவிதையைக் கைத்தொலைபேசியில் தட்டெழுதி அன்றிரவே இணையத்தில் ஏற்றிவிடுகின்றாள். அதனை அடுத்த வீட்டுத் தோழியும் வாசிக்கலாம். ரொறன்ரோவில் வாழும் மாமனும் வாசிக்கலாம். யாரென்றறியாத ஒருவனும் வாசிக்கலாம். இம்மூன்றாமவனை எண்ணியே பெற்றோர் பலர், எழுத்தும் வேண்டா, இணையமும் வேண்டா என்று கதவை அடைக்கின்றனர்.

அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. நான் அறிந்த மாணவி ஒருத்தியின் கவிதை, அவளுடைய முழுப்பெயர், பாடசாலை, ஊர், சீருடையணிந்த படம் ஆகிய அனைத்துடனும் ஒரு தளத்தில் வெளிவந்தது. கவிதையைப் பற்றி எழுதியவர் இருவர். அவளைப் பற்றி எழுதியவர் பலர். ஒருவன் அவள் செல்லும் மாலை வகுப்பின் வாயில்வரை வந்துவிட்டான். அதன்பின் அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். அவனுக்கு வழிகாட்டியவை கவிதையைச் சூழ்ந்திருந்த அவ்விவரங்களே. ஆகவே எழுத்தைத் தடுப்பதைவிட, அதனோடு சேர்ந்து வெளியேறும் அடையாளங்களைத் தடுப்பதே நம் கடன் என்பது என் துணிபு.

புனைபெயர் நமக்குப் புதிதன்று. மட்டக்களப்புச் சிறுகதையாசிரியர் கே. எம். ஷா ‘பித்தன்’ என்ற பெயரில் எழுதினார். பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் கே. சின்னத்துரை (1931–1975) ஊர்ப்பெயரைத் தழுவி ‘நீலாவணன்’ ஆனார். அஃது அவர் ஊருக்குச் செய்த சிறப்பு. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இன்று அத்தகைய பெயர் பொருந்தாது. ஊர்ப்பெயரோ, பிறந்த ஆண்டோ, வீட்டில் அழைக்கும் செல்லப்பெயரோ கலவாத ஒன்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். முகநூலில் வழங்கும் பெயரையே இங்கும் வைத்தாற் பயனில்லை. ஒன்றைத் தேடுவோன் மற்றதையும் கண்டுகொள்வான்.

“புனைபெயரில் வந்தால் எழுத்து என்னுடையதாகுமா, சேர்?” என்று மாணவர் வினவுவதுண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு விடை தருகின்றது. ஆக்கம் தோன்றிய அளவிலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு, பதிவு செய்யவேண்டியதில்லை. அவ்வுரிமை பொதுவாக ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் நிலைக்கும். தன் பெயரைக் குறிக்கும்படி கேட்கவும், அதனை மறைத்துப் புனைபெயர் வழங்கவும், தன் மதிப்புக் கெடும்படி எழுத்தைச் சிதைப்பதை மறுக்கவும் சட்டம் இடந்தருகின்றது. முதற்படியைக் கொப்பியில் எழுதித் திகதியிட்டு வைத்தல் நல்ல சான்று. வகுப்பாசிரியர் அதன்கீழ் ஒப்பமிட்டால் இன்னும் நன்று.

படத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கைத்தொலைபேசியால் எடுத்த படத்தினுள், எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருத்தல் கூடும். சில தளங்கள் அதனை நீக்கும், சில நீக்கா. எழுதியவரின் படத்துக்குப் பதிலாக அவர் வரைந்த வாவிக்கரைச் சித்திரம் ஒன்றை இடுவது எளிய வழி. பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தோர்க்குக் கணக்கு வழங்குவதில்லை. வயதைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. பெற்றோர் சிலரும் அதற்குத் துணைபோகின்றனர்! பாடசாலையின் பெயரிற் கணக்கொன்று இருக்க, ஆசிரியர் இருவர் கடவுச்சொல்லைக் காத்து, வருவனவற்றை வாசித்தபின் வெளியிடுவதே தக்கது. வாசகர் எழுதும் மறுமொழியும் அவர்கள் கண்ணைக் கடந்தே பிள்ளையிடம் செல்லட்டும்.

இனிக் கூறுவது இவற்றினும் கடினமானது. நம் பிரதேசத்துப் பிள்ளைகளின் கதைகளில் 2004 டிசம்பர் 26இற் பொங்கிய கடல் மீண்டும் மீண்டும் வருகின்றது. 2009இல் முடிந்த போரும் வருகின்றது. எழுதுவோர் இவற்றின்பின் பிறந்தோர். தாயும் அம்மம்மாவும் சொல்லக் கேட்டே எழுதுகின்றனர். நாவலடியில் அலையோடு போன சின்னம்மாவின் பெயரும், வீடு திரும்பாத மாமனின் பெயரும் அக்கதைகளில் உண்டு. புனைபெயர் எழுதியவளை மறைக்குமேயன்றிக் கதைக்குள் அழும் தாயை மறைக்காது. ஆதலின், வெளியிடுமுன் அதனை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுமாறு மாணவரைக் கேட்பது என் வழக்கம். சில தாய்மார் பெயரை மாற்றச் சொல்வர். சிலர், “பெயரோடேயே போடு மகள், அவள் இருந்தாள் என்று நாலு பேர் அறியட்டும்” என்பர். ஒரு தாய் ஒன்றும் பேசாது எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டாராம். அக்கதை கொப்பியிலேயே இருக்கின்றது. அதற்கு நான் இட்ட புள்ளி குறையவில்லை.

நிற்க. ஏற்றியதை அழித்துவிட்டால் எல்லாம் அழிந்தது என்று கருதுவோர் உளர். 1996இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் ஆவணகம் உலகின் இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கின்றது. நம்மவர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் மின்வடிவிற் பேணுகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு அப்பணியின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் மலராசிரியர்கள் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. சில நூறு பிரதிகளுக்கென அச்சிட்ட பக்கம் நாளை உலகெங்கும் திறக்கும். அச்சிற் பெயர் காணும் பெருமையைப் பிள்ளையிடமிருந்து பறிக்கலாகாது. தந்தை பெயரின்றித் தன் பெயரும் தரமும் இருந்தாற் போதும். பிறந்த திகதியும் வீட்டு முகவரியும் எதற்கு?

எவ்வளவு காத்தும் தொல்லை நேருமாயின், வந்த செய்திகளை அழித்துவிடாது திரையிற் கண்டவாறே படமெடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருத்தல் அதனினும் முதன்மையானது; கடிந்தால் அடுத்த முறை அது நம்மிடம் வராது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1929. விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய ஆண்டும் அதுவே ஆதலின் நம் ஊரார் அதனை மறத்தல் அரிது.

இம்மலரைக் கையிற் பெறும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளையின் கவிதையைக் கண்ட மகிழ்ச்சியில் அப்பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவீர்கள்; அனுப்பத்தான் வேண்டும். கவிதையை மட்டும் அனுப்புங்கள். இன்னாரின் மகள், இன்ன வீதி, இன்ன வகுப்பு என்று கீழே குறிப்பெழுதாது விடுங்கள்.