உள்ளங்கைச் சேவல் நம் ஊரிலேயே மறையலாமா?

கோழி என்றதும் பலருக்குக் குழம்புச் சட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால், சட்டியில் போட்டால் ஒருவருக்குக்கூடக் காணாத ஒரு கோழி நம் நாட்டில் உண்டு. கிளந்தான் மாநிலத்தின் செராமாதான் அது. உலகிலேயே மிகச் சிறிய கோழியினம் இது. வளர்ந்த சேவலின் எடை பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. நெஞ்சை நிமிர்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்து, இறக்கையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு அது நிற்கும் தோரணையைப் பார்த்தால் குட்டித் தளபதி என்றே தோன்றும்.

கிளந்தானைச் சேர்ந்த வீ இயன் ஈன் என்பவர் இதை வளர்த்தெடுத்து, தாய்லாந்து மன்னர்களின் 'ராமா' என்ற பட்டத்தை ஒட்டிப் பெயரிட்டார். (இராமன் பெயர் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்!) 2001-இல் இது அமெரிக்காவுக்கும் சென்றது.

2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் பரவியபோது கோழிகள் கூட்டங்கூட்டமாக அழிக்கப்பட்டன, செராமாக்களும் தப்பவில்லை. 2017-இல் அதே மாநிலத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஓர் இனம் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தால் ஒரே நோயில் அனைத்தும் போய்விடும். பத்து ஊர்களில் பத்து வீடுகளில் சில ஜோடிகள் இருந்தால் வித்து தப்பும். வீட்டு வளர்ப்பின் அவசியம் இங்கேதான் இருக்கிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அடைக்கோழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவியில் பொரிக்க விரும்புவோர் முட்டையைக் கழுவாமல், ஒரு வாரத்திற்குள் வைத்துவிட வேண்டும். விசிறி உள்ள கருவியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். நாளுக்கு மூன்று முறையாவது முட்டையைத் திருப்ப வேண்டும். இல்லையேல் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் இரத்த நாளங்கள் சிலந்தி வலைபோல் தெரியும். தெளிவாக இருந்தால் அது கூமுட்டை. சாதாரணக் கோழிக்கு 21 நாள். செராமா 19, 20 நாளிலேயே வெளிவரத் தொடங்கும். ஆகவே கடைசி மூன்று நாட்களுக்குத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். குஞ்சு மிகச் சிறியது என்பதால் தண்ணீர்த் தட்டிலேயே மூழ்கிவிடும். தட்டில் கோலிக் குண்டுகளைப் போட்டுவைப்பது நல்லது.

இவ்வளவு செய்தும் சில முட்டைகளில் குஞ்சு உள்ளேயே இறந்து கிடக்கும். கருவியைக் குறை சொல்வதற்கு முன் பெற்றோரின் கால்களைப் பாருங்கள். ஜப்பானியக் குட்டைக் கோழிகளிடம் உள்ள குட்டைக்கால் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று இப்படிப் போகும். ஒன்றுக்காவது நீண்ட கால் இருந்தால் இந்த இழப்பு இல்லை. போட்டிப் பரிசுக்காக மேலும் மேலும் சிறியதையே தேடிச் சேர்ப்பது இனத்தைக் காப்பதாகாது. சற்றுப் பெரிய பெட்டைகளே நன்றாக முட்டையிடும்; அவற்றைக் கழித்துக் கட்டுவது அறியாமை.

உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தாலும் வலு குறையும். காலில் வளையம் மாட்டிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் எது எதன் குஞ்சு என்பது குழம்பாது. வேறு ஊர் வளர்ப்பாளரிடம் சேவலை மாற்றிக்கொள்ளலாம். வந்த சேவலை நேரே கூட்டத்தில் விடாமல், இரண்டு மூன்று வாரம் தனிக்கூண்டில் வைத்து, அதற்குக் கடைசியாகத் தீனி போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். முன்னதாக ஊராட்சி மன்றத்தின் விதிகளைக் கேட்டறிவதும் அவசியம். சிங்கப்பூரின் வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை.